பூட்சுக் கொக்கிக்குப் புளி

என் வீட்டுக்காரர் நொண்டாமல் நடந்து வந்த அன்றைக்கு எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. முற்றத்தில் உளுந்து காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தெருக்கோடியிலிருந்து டக் டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. போலீசுக்காரன் யாரோ வருகிறான் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், குடுமி நம் வீட்டுக் குடுமி, வேட்டி நான் துவைத்த வேட்டி. முழங்காலுக்குக் கீழே மட்டும் யாரோ வெள்ளைக்காரன். பின்னாலேயே தெருவில் உள்ள நாயெல்லாம் குரைத்துக்கொண்டு வருகிறது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இப்போது சொல்லும்போதும் தாங்கவில்லை. "என்னட்டி இளிப்பு?" என்று அடுக்களையிலிருந்து வந்த அத்தை, மகன் நடந்து வருவதைப் பார்த்தாள். கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அத்தை என்றால் என் மாமியார். சின்ன வயதில் தாலி அறுத்தவள். இந்த ஒரு பிள்ளையைத்தான் வளர்த்தாள்.

அவர் காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. சிறுபிள்ளையாக இருக்கும்போது வைக்கோல் போரின் உச்சியிலிருந்து குதித்து இடது கணுக்கால் பிசகிப் போயிற்று. எலும்பு கட்டுகிற ஆசான் வந்து எண்ணெய் போட்டு, தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கணுக்கால் நிற்கவில்லை, திடீரென்று உள்பக்கமாக மடங்கிவிடும். வரப்பில் நடந்தால் மடங்கும், படியில் இறங்கினால் மடங்கும். அப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு மனுஷர் பார்த்த சோலி என்ன தெரியுமா? மலை அளக்கிற சோலி. தடிக்காரன்கோணத்துக்கு மேலே, கீரிப்பாறைக்கும் மேலே, காட்டை அளக்கிற துரையோடு போய் அளவுக் கணக்கு எழுத வேண்டும். நன்றாகப் படித்திருந்தார். உட்கார்ந்து எழுதுகிற வேலை ஒன்றும் அப்போது அகப்படவில்லை. மாசத்துக்கு ஒருதரம் இறங்கி வருவார். கால் ஈரப்பலா மாதிரி வீங்கியிருக்கும். அத்தை வெந்நீர் ஊற்றுவாள், நான் எண்ணெய் காய்ச்சுவேன். வீக்கம் வடிந்ததும் திரும்பவும் ஏறிப் போவார்.

அந்தத் துரை ஊருக்குத் திரும்பிப் போகும்போது தன் பழைய பூட்சை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிற பூட்சு. உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தால் இவர் காலுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. அதைப் போட்டு வாரை இழுத்துக் கட்டினால் கணுக்கால் அசையாது. அசையாவிட்டால் மடங்காது. மலையில் அட்டைகூடக் கடிக்காது என்று சொன்னார். அட்டை கிடக்கட்டும். நேராக நடந்தாரே, அதுதான் எனக்கு.

வார் கட்டுகிற விதம் இருக்கிறதே, அது ஒரு அழகு. கீழே ரெண்டு வரிசையாகப் பித்தளை வளையங்கள், தோலில் துளை போட்டுப் பதித்தது. அதற்கு மேலே பித்தளைக் கொக்கிகள். வாரை வளையத்தில் கோர்த்து, குறுக்கும் மறுக்கும் ஏற்றி, மேலே வந்ததும் கொக்கியில் மாட்டி மாட்டி இழுக்க வேண்டும். நான் தோவாளைக்காரி. பிறந்த வீட்டில் பேச்சு வருகிறதுக்கு முந்தியே பூக்கட்டப் படித்தவள். ஒருதரம் பார்த்தேன், அடுத்த தரம் அவரை விட வேகமாகக் கட்டிவிட்டேன். "கொள்ளாமே" என்று மெச்சினார். எழுத்துத்தான் எனக்கு வரவில்லை, விரல் நல்ல விரல்.

ஆனால் பூட்சு வீட்டுக்குள் வரக்கூடாது. நாங்கள் சைவம், விளக்கு எரிகிற வீடு. செத்த மாட்டுத் தோல் வாசல்படி தாண்டலாமா? அதனால் தொழுவத்தில், கன்றுக்குட்டி கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தோம். அவர் அங்கேயே கழற்றிக் கால் கழுவிவிட்டு உள்ளே வருவார்.

இங்கேதான் வினை வந்தது. மலையில் எந்நேரமும் மழை. தோல் வெடிக்காமல் இருக்க அவர் தேங்காயெண்ணெய் பூசுவார். எண்ணெயும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சையாகக் களிம்பு பூத்துவிட்டது. அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

களிம்பு என்றால் அத்தைக்கு நடுக்கம். ஈயம் பூசாத பித்தளை உருளியில் வைத்த புளிக்குழம்பைச் சாப்பிட்டு அவள் பிறந்த வீட்டுத் தெருவில் ஒரு கல்யாண வீடே வாந்தியெடுத்துக் கிடந்ததாம். களிம்பு நஞ்சு. நஞ்சு பிள்ளையின் காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலையில் முள் கீறும், அட்டை கடிக்கும், அந்தப் புண் வழியாக நஞ்சு ஏறினால்? இதுதான் அவள் கணக்கு. தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? களிம்புக்கு மருந்து என்ன என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பிளையைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். புளி.

தோலைத் தொட மாட்டாள். அதற்கும் வழி வைத்திருந்தாள். ஒரு வாழை மட்டையால் பூட்சை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். மற்றக் கையில் தேங்காய் நார்ச் சவுரி, அதில் பழம்புளியும் உப்பும் சாம்பலும். ஒவ்வொரு வளையமாக, ஒவ்வொரு கொக்கியாக, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி துலக்குவாள். "தோலுக்குத்தான் தீட்டு, பித்தளைக்கு ஏதுட்டி தீட்டு?" என்பாள். பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டு அலசி, பானை கவிழ்க்கிற மாதிரி வெயிலில் கவிழ்த்துவிட்டு, குளத்தில் போய் முங்கிவிட்டு வருவாள். அவர் வீட்டில் இருக்கிற நாளெல்லாம் காலையில் இது ஒரு பூசை. வளையங்கள் தங்கம் மாதிரி மின்னும். நானும் பார்த்துப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். அவரும் ஏதோ அம்மா தண்ணீர் விட்டுக் கழுவுகிறாள் என்றுதான் நினைத்திருந்தார்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேலே போயிற்று. புரட்டாசிக் கடைசி. கன்னிப்பூ அறுப்பு முடிந்து, கும்பப்பூ நடவுக்கு வயல் காத்துக் கிடந்தது. அவருக்குக் காடு அளக்கிற கச்சேரியிலிருந்து ஆள் வந்தது. புதுத் துரை வந்திருக்கிறார், இந்தத் தடவை உள்காட்டுக்குப் போகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், நடக்க முடியாதவர்களுக்குப் பதிலாக வேறு ஆள் எடுத்துவிடுவோம் என்று. நடக்க முடியாதவர்கள் என்று சொன்னது யாரை என்று எல்லாருக்கும் தெரியும். அவர் சிரித்துக்கொண்டார். பூட்சு இருக்கிறதே.

தொழுவத்துக்குப் போய், போட்டுப் பார்க்கலாம் என்று வாரை ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு வளையம் தோலோடு பிய்த்துக்கொண்டு அவர் கையில் வந்துவிட்டது. அடுத்ததை மெதுவாக இழுத்தார், அதுவும் வந்தது. மேலே ஒரு கொக்கி ஆணியோடு தெறித்துச் சாணிக்குள் போயிற்று. வளையங்களைச் சுற்றி உள்ள தோல் மட்டும் பழைய அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, மற்ற இடமெல்லாம் நல்ல தோல். அவருக்குப் பிடிபடவில்லை. பூட்சைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கன்றுக்குட்டி எட்டி வந்து பூட்சை நக்கத் தொடங்கியது. அதென்ன ருசி! கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைச் சுழற்றி, வளையம் வளையமாக நக்குகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவர் கன்றையே பார்த்தார். பிறகு விரலால் ஒரு வளையத்தைத் தடவி நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. உப்பும் புளிப்பும்.

திரும்பிப் பார்த்தால் அத்தை தொழுவத்து வாசலில் நிற்கிறாள்.

"நல்லா பளபளன்னு இருக்குல்லா மக்கா?"

"இருக்கு எம்மா," என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். கிணற்றடியில் நான் தண்ணீர் இறைக்கும்போது வந்து, சொன்னால் அம்மா சாப்பாட்டை விட்டுவிடுவாள், நீயும் வாயைத் திறக்காதே என்றார். நான் திறப்பேனா? மருமகள் வாயிலிருந்து அது வந்தால் வேறு மாதிரி ஆகிவிடும். புளிப்பானையை எங்காவது ஒளித்து வைக்கலாமா என்று பார்த்தேன். புளி இல்லாமல் எங்கள் வீட்டில் எந்தக் குழம்பு கூடும்? பரணில் கருப்பட்டிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அத்தை பொழுது சாயுமுன்னே கண்டுபிடித்து, எலி உருட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று எலியை ஏசினாள்.

வயலுக்கு அந்தப் பக்கம், மாட்டுக்கு வாரும் ஆளுக்குச் செருப்பும் தைக்கிற ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரர் பூட்சை அவரிடம் கொண்டு காட்டினார். நொறுங்கினதை வெட்டி எறிந்துவிட்டு, உள்பக்கமாக எருமைத் தோலில் ஒட்டு வைத்துத் தைத்துத் தருகிறேன், ஆனால் வளையம் என்னிடம் ஏது, நான் இப்படி ஒன்றைக் கையால் தொட்டதில்லையே என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு இவர் நாகர்கோயிலில் பூட்சு விற்கிற கடைக்கு நடந்தார். அங்கே வளையம் இருந்தது, அதைப் பதிக்கிற மிஷின் இல்லை. திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டும், வந்து சேரக் கார்த்திகை ஆகும் என்றார்கள். போக வர நடந்ததில் கால் வீங்கிவிட்டது. பூட்சைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். தெருநாய் ஒன்றும் குரைக்கவில்லை.

கடைசியில் எங்கள் ஊர்த் தட்டாசாரியிடம் போனார். அவர் அப்போது அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்துகொண்டிருந்தார், விரதம். தோல் என்ற பேச்சையே பட்டறைக்குள் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் தொழில்காரன் மனசு இருக்கிறதே, அது சும்மா இருக்காது. வாசலுக்கு வந்து, பூட்சைத் தரையில் வைக்கச் சொல்லி, குனிந்து குனிந்து பார்த்தாராம். எங்கள் பெண்டுகளின் காதை வளர்த்து வளர்த்துத் தோளில் இடிக்க வைக்கிறவர் அவர்தானே, அறுந்த காதைச் சேர்க்கிறவரும் அவர்தான். "இது காது அறுந்த கேசு பாத்துக்கிடும். முதல்ல தோலு தைக்கிறவரு ஒட்டு வைக்கட்டும். பெறவு நான் தோடு போடுகேன்," என்றார். பித்தளைத் தகடு கொண்டு வரச் சொன்னார்.

தகட்டுக்கு எங்கே போவது? அத்தை உடனே உள்ளே போய், தான் கல்யாணத்தில் கொண்டு வந்த பித்தளைச் செம்பு, அடி நசுங்கிக் கிடந்தது, அதை எடுத்து வந்து கொடுத்தாள். "இத வெட்டு மக்கா. எனக்க பித்தளை, நல்ல பித்தளை. துலக்குனா கண்ணு கூசும்." அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

தட்டாசாரி தகட்டைச் சுருட்டிச் சின்னச் சின்னக் குழாயாகப் பற்றவைத்து, ஒரு ஓரத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டார். அதில் சும்மா இருக்காமல் மூக்குத்திக்கு வைக்கிற மாதிரி சுற்றிலும் முத்து முத்தாக வேலைப்பாடு வேறு. துரை பூட்சுக்குப் போட்டதை விட லட்சணம். ஆனால் பதிப்பது எப்படி? தோல் தைக்கிறவர் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது. ஆசாரி வயலைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போக மாட்டார். பூட்சு ஒன்று, கை ரெண்டு, ரெண்டு கையும் ஒரு இடத்தில் சேர வழியில்லை. அப்படி இருந்தது அந்தக் காலம். கடைசியில் குளத்தங்கரை என்று முடிவாயிற்று. குளம் எல்லாருக்கும் பொது என்று இல்லை, அதிலும் படித்துறை வேறு வேறு. ஆனால் கரையில் பூவரசு மரத்தடிக்கு யாரும் எல்லை போடவில்லை.

நான் துவைக்கிற சாக்கில் படித்துறையில் நின்று எல்லாம் பார்த்தேன். மரத்துக்கு இந்தப் பக்கம் ஆசாரி. தள்ளி அந்தப் பக்கம் தோல் தைக்கிறவர், பூட்சு அவர் மடியில். நடுவில் என் வீட்டுக்காரர். ஆசாரி வளையத்தை இவர் கையில் கொடுப்பார், இவர் அவரிடம் கொடுப்பார். அவர் துளையில் செருகிப் பிடிப்பார். பின்பக்கம் நீட்டி நிற்கிற ஓரத்தை விரித்து மடக்க வேண்டும், அதற்கு ஆசாரி ஒரு மொட்டை உளி கொண்டு வந்திருந்தார், அதையும் இவர் வாங்கி அவரிடம் நீட்டுவார். ஆசாரி அங்கிருந்தே கழுத்தை நீட்டி, பைய, பைய, சுத்திச் சுத்தி அடியும், ஒரே இடத்தில் அடித்தால் வெடிக்கும் என்பார். அவர், தெரியும் ஆசாரியே, இது காது இல்ல, அழாது என்பார். ரெண்டு பேரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு வளையமாக ஏறியது. வளைந்து போயிருந்த கொக்கிகளைக் குறடால் நிமிர்த்தினார்கள். சாணிக்குள் போன கொக்கிக்குப் பதிலாக ஆசாரி ஒன்று வளைத்துக் கொண்டு வந்திருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். துவைத்த துணியையே திரும்பவும் துவைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் அத்தை மோர்ச்சட்டியை எடுத்துக்கொண்டு கரையில் வருகிறாள். வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்க. வளையங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. புதுப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்காமல் புழங்கக்கூடாது, வீட்டுக்குக் கொண்டா, முதலில் ஒரு துலக்குத் துலக்கித் தருகிறேன் என்று மகனிடம் சொன்னாள்.

ஆசாரிக்கு எங்கள் வீட்டுச் சங்கதி என்ன தெரியும்? அவர் தன் பாட்டில் வாயைத் திறந்துவிட்டார்.

"அக்கா, புளி கிளி காட்டிராதியோ. புளி பட்டுத்தான் பழைய தோலு நொறுங்கிப் போச்சுன்னு இவரு சொல்லுகாரு. எந்தச் சவம் தேச்சுதோ."

தோல் தைக்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கையில் இருந்த துணியைத் தண்ணீரில் விட்டுவிட்டேன், அது மிதந்து போகிறது, பிடிக்கத் தோன்றவில்லை. அத்தை மோர்ச்சட்டியோடு நின்றாள். மகன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, எனக்குத் தெரிந்தது.

"களிம்பு ஏறியிருந்தா எனக்க காலே அழுகியிருக்கும் எம்மா," என்றார் அவர். "தோலு போனா வேற தோலு."

அத்தை மோரைக் கீழே வைத்தாள். பிறகு தோல் தைக்கிறவர் பக்கம் திரும்பி, நேராகவே கேட்டாள், அதுவரைக்கும் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசினதை நான் கண்டதில்லை.

"இது தாங்குமாடே?"

அவர் பூட்சைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டுக்கு அப்பால், ஒட்டு வைக்காத பழைய தோலிலும் புளி இறங்கியிருந்தது. "மலையில மழை பெய்யாம இருந்தா தாங்கும் அம்மே," என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் காலையில் அவர் ஏறிப் போனார். நான்தான் வார் கட்டினேன். இறுக்கினால் தோல் போகுமோ, இறுக்காவிட்டால் கால் மடங்குமோ என்று என் விரலுக்கு அன்றைக்குப் பயம். அத்தை தொழுவத்துப் பக்கமே வரவில்லை. அவர் நேராக நடந்து போனார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்தேன், அதற்கு மேல் சத்தத்தைக் கேட்டேன்.

அதற்குப் பிறகு அத்தை செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. ஊரே மழைக்காக வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. நாற்று முற்றுகிறது, குளத்தில் தாமரை இலையெல்லாம் சேற்றில் படுத்துவிட்டது. அம்மன் கோயிலில் மழை கேட்டுப் பொங்கல் விடுகிறார்கள். எங்களுக்கும் வயல் உண்டு, கொஞ்சம்தான், ஆனாலும் வயல். அத்தை மட்டும் அந்தக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, மழை வேண்டாம் என்று கேட்டாள். மெல்ல என் காதில் மட்டும் சொன்னாள். வயலுக்குப் பெய்யட்டும், மலைக்குப் பெய்யாண்டாம் என்று கேட்டாளாம். "அப்படிப் பெய்ய அம்மனுக்குத் தெரியுமாட்டி?" என்று என்னிடம் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? தெரியும் அத்தை என்றேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. மலை முகம் ஒரு நாளும் தெரியவில்லை. பழையாற்றில் செங்காவித் தண்ணீர் புரண்டு போனது. ஆண்கள் மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டு ஓடினார்கள், பெண்கள் குலவை போட்டு நட்டார்கள். நானும் நடவுக்காரிகளுக்குக் கஞ்சி கொண்டு போனேன், ஊர் சந்தோஷம் என்னையும் ஒட்டிக்கொண்டது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்தால் அத்தை தாழ்வாரத்தில் கன்னத்தில் கை வைத்து, ஓட்டிலிருந்து ஒழுகுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி முடியுமுன்னே அவர் வந்தார். மலையில் குடியிருக்கிற ஒரு காணிக்காரருடைய தோளில் ஒரு கை, மறு கையில் கம்பு. பூட்சு ரெண்டும் கழுத்தில் தொங்கிற்று. வளையங்கள் ஒன்றுகூடக் கழலவில்லை. ஒட்டின் ஓரமாகப் பழைய தோல் நெடுக ஒரே கோடாகக் கிழிந்து, வளைய வரிசை அப்படியே வாரோடு தனியாக வந்துவிட்டது. நான் கட்டுகிற கதம்பம் மாதிரி தொங்கியது. பாறையில் இறங்கும்போது கிழிந்ததாம், கால் மடங்கி விழுந்திருக்கிறார். புதுத் துரை நல்லவர்தான். வீடு வரைக்கும் ஆள் துணை அனுப்பி, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அத்தை பூட்சைப் பார்க்கவில்லை. வெந்நீர் போட்டாள். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து ஊற்றினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் இனி வீட்டில்தான் இருப்பார் என்று நினைத்ததும் எனக்குள்ளே ஒரு குதி குதித்தது. அந்தக் காலைப் பார்த்ததும் அடங்கிப் போயிற்று. திரும்பவும் குதித்தது. என்ன செய்ய, அந்த வயது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மேல நல்ல மழையோ மக்கா?"

"நல்ல மழை எம்மா. குளமெல்லாம் ரொம்பிரும். நமக்கு வயலும் வெளஞ்சிரும்."

"வெளையட்டும்," என்றாள் அத்தை. செம்பில் மிச்சமிருந்த வெந்நீரைச் சூடு பார்த்துவிட்டு, கணுக்காலில் விட்டாள்.